காய் இறங்கியது, சட்டி இறங்கவில்லை: மேல்மலையின் ஒரு சமையற் கதை

கேசரோல் என்றால் நம் வீடுகளில் அது ஒரு பாத்திரம். வெளியே பிளாஸ்டிக்கும் உள்ளே எஃகுமாக, இரு சுவர்களுக்கு நடுவே வெப்பத்தைச் சிறைப்பிடித்து வைக்கும் ஒரு மூடுபெட்டி. சப்பாத்தியும் இட்லியும் ஆறாமல் இருக்க அதில் இட்டு மூடுகிறோம். ஹாட் பாக்ஸ் என்றும் சொல்கிறோம். திருமணங்களுக்குப் பரிசாகக் கொடுத்து, நமக்கும் அதுவே பரிசாக வந்து, பரண் மேல் மூன்று நான்கு சேர்ந்து கிடக்கின்றன. ஆங்கிலம் பேசுவோரிடம் அது பாத்திரத்தை மட்டும் குறிப்பதில்லை. இறைச்சியும் காய்களும் ஒரே சட்டியில் அடுக்கப்பட்டு, மூடியிட்டு, நாற்புறமும் பரவும் வெப்பத்தில் நிதானமாக வெந்து, அதே சட்டியோடு மேசைக்கு வரும் உணவுக்கும் அதுவே பெயர். பிரெஞ்சுக்காரரின் சட்டி, ஆங்கிலம் பேசுவோரிடம் சாப்பாடாயிற்று. நம்மிடம் மீண்டும் சட்டியாயிற்று.

சொல் நம்மிடம் வந்து சேர்ந்த கதை இவ்வளவே. அந்த உணவு வந்த கதை வேறு. அது சொல்லுக்கு வெகுகாலம் முன்பே, வேறு பெயர்களோடு, பழனி மலைத்தொடரின் உச்சிக்கு ஏறிவிட்டது. ஏறியதில் பாதி மட்டுமே கீழே இறங்கியது. எந்தப் பாதி இறங்கியது, எந்தப் பாதி இறங்கவில்லை என்பதே இக்கட்டுரையில் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர் வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் போனால் கவுஞ்சி. அதற்கும் அப்பால் பூண்டி, கிளாவரை. இவ்வூர்களை மலைவாசிகள் மேல்மலை என்பார்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பி நிலங்கள் கீழ்மலை. கவுஞ்சியில் இறங்கி நின்றால் முதலில் கண்ணில் படுவன படிப்படியாக வெட்டிய வயல்கள். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, முட்டைக்கோஸ், இவற்றினூடே பூண்டு. சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் மன்னவனூர் ஏரியோடு திரும்பிவிடுவதால் ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. விளைச்சலை மூட்டை கட்டி லாரியில் ஏற்றுகிறார்கள். அது மதுரைக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் இறங்குகிறது. பூண்டு பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது.

இந்தப் பட்டியலைச் சற்று உற்றுப் பாருங்கள். பூண்டு ஒன்றை நீக்கிவிட்டால் மிச்சமுள்ளது ஓர் ஐரோப்பியக் குடும்பத்தின் இராச்சாப்பாட்டுக்கான காய்க்கூடை! கேசரோலுக்கு வேண்டிய காய்கள் அத்தனையும் ஒரே வயலில் நிற்கின்றன. மதுரைச் சந்தையில் இன்றும் மூத்தவர்கள் இவற்றை இங்கிலீஷ் காய் என்றுதான் சொல்கிறார்கள். கத்தரியும் அவரையும் புடலையும் நாட்டுக்காய்.

இங்கிலீஷ் காய் என்ற பெயரில் ஒரு சிறு திருத்தம் உண்டு. நீலகிரிக்கு அது பொருந்தும். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் உருளைக்கிழங்கு முதலியவற்றைப் பயிரிட்டுப் பார்த்தது பலரும் அறிந்ததே. பழனிமலையின் கதையில் அமெரிக்கர்களின் பங்கு பெரிது. 1821-இல் நில அளவை அதிகாரி வார்டு, குன்னுவர் ஊராகிய வெள்ளகவியிலிருந்து மேலேறி இம்மலையை அளந்தார். அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம் ஐரோப்பியர் யாரும் பெரிதாகக் குடியேறவில்லை. மதுரையில் 1834-இல் தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் காய்ச்சலிலும் பேதியிலும் ஒருவர்பின் ஒருவராக மாண்டுகொண்டிருந்தார்கள். உயிர் தப்ப ஒரு குளிர்ந்த இடம் வேண்டியிருந்தது. 1845-இல் அவர்கள் கட்டிய சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரண்டு வீடுகளே கொடைக்கானல் என்ற நகரத்தின் தொடக்கம். ஏரி வந்தது 1863-இல், மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சால். 1899-இல் சூரிய ஆய்வுக்கூடம். 1901-இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஹைகிளர்க் பள்ளி. அதுவே இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி.

மோட்டார் வண்டிப் பாதை இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டுகளில்தான் வந்தது. அதுவரை பெரியகுளத்துப் பக்கமிருந்து மனிதர்கள் நடந்தார்கள். துரைசானிகளும் குழந்தைகளும் நாற்காலியில் அமர்ந்து பிறர் தோளில் வந்தார்கள். அவர்களோடு சட்டிகளும் மாவு மூட்டைகளும் தோளில் ஏறின. ஏறியவர்களில் ஒருவர் சமையற்காரர்.

இந்தச் சமையற்காரரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். சென்னை மாகாணத்து வெள்ளையர் சமையலைப் பற்றிய புகழ்பெற்ற நூல், கென்னி ஹெர்பர்ட் என்ற குதிரைப்படை அதிகாரி வைவர்ன் என்னும் புனைபெயரில் 1878-இல் வெளியிட்டது. அதில் மதராஸ் சமையற்காரர்கள் எல்லாருக்கும் ஒரே பெயர்: ராமசாமி. அது ஓர் ஆளின் பெயரன்று. ஒரு வர்க்கத்துக்குச் சூட்டிய கேலிப்பெயர். அந்த ராமசாமி சுடத் தெரிந்தவன், மாவைப் புளிக்கவைக்கத் தெரிந்தவன், பிரெஞ்சுக் குழம்பின் கெட்டிப்பதத்தை விரலால் அறிந்தவன். எழுத்து மட்டும் அவனிடம் இல்லை, அல்லது அவன் எழுதியதை யாரும் அச்சிடவில்லை. நம் அச்சுச் சமையல் நூல்களில் பெரும்புகழ் பெற்ற எஸ். மீனாட்சி அம்மாளின் சமைத்துப் பார் (1951) முழுக்கச் சைவம். அதில் குறை காண்பதற்கில்லை. தாம் அறிந்த சமையலை அவர் எழுதினார். தாம் அறிந்த சமையலை எழுத ராமசாமிக்கு வாய்க்கவில்லை என்பதே நாம் சொல்ல வருவது.

யார் இந்த ராமசாமிகள்? மாட்டிறைச்சியைத் தொடச் சாதி இந்துக்கள் மறுத்ததால், வெள்ளையர் வீட்டு அடுக்களைகளில் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் இஸ்லாமியரும் கிறித்தவரும் வேலை பார்த்தார்கள். இது ஏதோ வீட்டு ஏற்பாடு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. கொடைக்கானலில் முதல் வீடுகள் எழுந்து இரண்டே ஆண்டுகளில், 1847-இல், அதே மதுரை மிஷன் தன் ஊழியர்களுக்கு ஒரு சோதனை வைத்தது. சாதியை உண்மையாகவே விட்டுவிட்டீர்களா? விட்டுவிட்டீர்களானால் அன்பின் விருந்தில் வந்து உட்காருங்கள், ஒடுக்கப்பட்ட சாதியார் சமைத்த உணவைச் சேர்ந்து உண்ணுங்கள் என்றார்கள். வேதம் படித்து, ஞானஸ்நானம் பெற்று, ஊர் ஊராகப் போதித்துக்கொண்டிருந்த உபதேசிமாரில் கணிசமானோர் வர மறுத்து விலகினார்கள். 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரிகளின் மாநாடும் இதே சோதனையைப் பொதுவிதியாகப் பரிந்துரைத்தது.

மதம் மாறியது. கடவுள் பெயர் மாறியது. சமைத்த கை எது என்ற கேள்வி மட்டும் மாறவில்லை. நம் சமூக வரலாற்றை எழுதுவோர் ஆலய நுழைவைப் பேசிய அளவுக்கு அடுக்களை நுழைவைப் பேசியதில்லை என்பது நம் எண்ணம். மலைமேல் இருந்த வீடுகளில் அந்தக் கை சமைத்ததை அமெரிக்கர்கள் நாள்தோறும் தயக்கமின்றி உண்டார்கள். மலைக்குக் கீழே அதே கை சமைத்ததை உண்ண மறுத்து வேலையை உதறினார்கள் நம்மவர்கள். இதைக் கொண்டு அமெரிக்கர்களுக்குப் பெரிய பாராட்டு ஏதும் வழங்க வேண்டியதில்லை. சமைத்தவர் மேசையில் உட்காரவில்லை, பின்கட்டில்தான் நின்றார்.

சரி, அந்த அடுக்களையில் வாரநாள் இரவுகளில் என்ன வெந்தது? ஞாயிற்றுக்கிழமை பெரிய துண்டாகச் சுட்ட இறைச்சி; திங்கள் முதல் அதன் மிச்சம். கொத்தி, வெங்காயத்தோடு வதக்கி, காய் சேர்த்து, மேலே உருளைக்கிழங்கை மூடி மீண்டும் சுடுவது. வாரநாள் உணவு என்பதே அவர்களிடம் சிக்கனத்தின் வேறு பெயர். அமெரிக்காவில் அது இருபதாம் நூற்றாண்டில் ஒரு தனி மரபாயிற்று. 1915-இல் பைரெக்ஸ் கண்ணாடிப் பாத்திரம் கடைக்கு வந்தது; சூளையிலிருந்து எடுத்து நேராக மேசையில் வைக்கலாம். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அரைப் பவுண்டு இறைச்சியை ஆறு பேருக்கு நீட்ட வேண்டியிருந்தது. 1934-இல் கேம்பல் நிறுவனம் தகர டப்பியில் அடைத்த காளான் சூப்பை விற்றது. குழம்பு காய்ச்சும் வேலையும் மிச்சமாயிற்று. நமக்கு இது புரியாத விஷயமா? திருநெல்வேலிக் கூட்டாஞ்சோறும், விருந்துக்கு மறுநாள் எல்லாவற்றையும் ஒன்றாக்கிச் சுண்டவைக்கும் பழங்கறியும் இதே அறிவில் பிறந்தவைதாம். ஒரே சட்டி, ஒரே தீ, வீணாகாத மிச்சம்.

இங்கே ஒரு சிறு விலகல். கறி என்ற சொல்லுக்குச் சங்க நூல்களில் மிளகு என்பது பொருள். பிறகு காய்கறி என்ற வழக்கில் அது காயானது. இன்று தெருவில் கறி எடுத்து வந்தேன் என்றால் இறைச்சி. மிளகும் காயும் இறைச்சியும் ஆகிய மூன்று கறிகளும் ஒரே சட்டியில் சேரும் ஓர் உணவுக்கு நம் மொழியில் பெயரில்லாமல் போனது ஒரு சுவையான முரண்.

பெயர் இல்லாததற்குக் காரணம் தேடினால் அடுப்பில் போய் நிற்கிறோம். தமிழில் சமையல் வினைகளுக்குப் பஞ்சமில்லை: அவித்தல், வேகவைத்தல், வறுத்தல், பொரித்தல், வதக்குதல், வாட்டுதல், சுடுதல், தாளித்தல். இவற்றில் எதுவும், நாற்புறமும் அடைத்த வெப்ப அறைக்குள் வைத்து வேகவிடுவதைத் தனியே குறிப்பதில்லை. கீழே தீ, மேலே சட்டி என்பதே நம் அடுப்பின் இலக்கணம். ஆகவே ஓவனுக்குத் தமிழ்நாட்டில் ஓவன் என்றே சொல்கிறோம். அடுமனை என்ற சொல்லைப் பின்னர் ஆக்கினோம். அது பெயர்ப்பலகையில் இருக்கிறது, நாவில் இல்லை. ஈழத்தில் நிலைமை வேறு. போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சூளை, அவர்கள் சொல்லையே திரித்துப் போறணை என்று தமிழாகிவிட்டது. பாணும் போறணையும் அங்கே யாழ்ப்பாணத்துக் கிராமம் வரை புழங்கும் சொற்கள். ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் அங்கே லம்பிரைஸ் என்ற உணவை உருவாக்கினார்கள்: இறைச்சிச் சாற்றில் வெந்த சோறு, பல இறைச்சிகள் கலந்த கறி, கத்தரிக்காய், இறைச்சி உருண்டை எல்லாவற்றையும் வாழையிலையில் மடித்துச் சூளையில் சுடுவது. கேசரோலுக்கு வாழையிலைச் சட்டை போட்டால் அது லம்பிரைஸ்! அத்தீவில் அது எல்லாருடைய உணவாகவும் ஆனது. ஆக, வெளியார் உணவு நம் மண்ணில் வேர் பிடிக்காது என்ற பொதுவாதம் நிற்காது.

கொடைக்கானல் வீடுகளிலும் சூளைக்கு மாற்று இருந்தது. தடித்த இரும்புச் சட்டியின் மூடிமேல் தணலை அள்ளிக் கொட்டுவது ஒன்று. மண்ணெண்ணெய்த் தகரத்தைப் படுக்கவைத்து அதையே சூளையாக்குவது மற்றொன்று. நாட்டின் பல முகாம்களிலும் வெள்ளையர் வீடுகளிலும் சமையற்காரர்கள் இப்படித்தான் ரொட்டி முதல் கேக் வரை சுட்டெடுத்தார்கள். தீ மட்டும் தடையாக இருந்திருந்தால் அது எளிதில் தாண்டக்கூடிய தடை.

பெரிய தடை இறைச்சி. மாட்டிறைச்சி தமிழருக்கு அந்நியம் என்று சொல்லிக் கேட்கும்போதெல்லாம், தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் நமக்குக் கூச்சமாக இருக்கிறது. அகநானூற்றின் 309-ஆம் பாட்டில் நிரை கவர்ந்த மழவர், தெய்வம் உறையும் வேம்பின் அடியில் கொழுத்த ஆவைப் பலியிட்டு, அதன் இறைச்சியைச் சமைத்து உண்கிறார்கள். அங்கே சமைத்த இறைச்சிக்கு வரும் சொல் புழுக்கு. நம் புழுங்கல் அரிசியில் இருக்கும் அதே வேர். புறநானூற்றின் 205-ஆம் பாட்டு கோடைமலைத் தலைவன் கடிய நெடுவேட்டுவனைப் பாடுகிறது. அக்கோடை இன்றைய கொடைக்கானல் மலையே என்று கருதும் அறிஞர் பலர். வேட்டுவன் என்று பெயரிலேயே தொழிலைத் தாங்கிய ஒருவன் ஆண்ட மலையில் இறைச்சி புதிதாக வந்த பொருளா என்ன?

ஆனால் பழந்தமிழ்ச் சான்றைக் காட்டி விவாதத்தை முடித்துவிடும் பழக்கம் நமக்கு உவப்பானதன்று. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய மழவர் உண்டார்கள் என்பதால் இன்று ஒருவர் உண்ண உரிமை பெறுவதில்லை; உண்ணவில்லை என்று காட்டினாலும் உரிமை போய்விடுவதில்லை. இடையில் நடந்தது என்ன என்பதே வினா. அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட, தீண்டப்படாதார் பற்றிய நூலில் இதற்குப் பல இயல்களை ஒதுக்கினார். ஒரு காலத்தில் எல்லாரும் உண்ட மாட்டிறைச்சியை மேலோர் கைவிட்டு அதைப் புனிதக் கேடாக்கியபோது, தொடர்ந்து உண்டவர்கள் தீண்டத்தகாதவர் ஆக்கப்பட்டார்கள் என்பது அவர் வாதம். அதை முழுதும் ஏற்காத வரலாற்றாளர்களும் உண்டு. எனினும், தட்டில் இருக்கும் பொருள் மனிதனின் இடத்தைத் தீர்மானித்தது என்ற அவர் கூற்றை மறுக்க, நம் ஊர்த் தெருக்களின் அமைப்பு இடம் தருவதில்லை.

எனவே மலைமேலிருந்து காய் இறங்கியது. உருளைக்கிழங்கு சாம்பாரில் விழுந்தது, கேரட்டும் பீன்ஸும் பொரியலாயின, முட்டைக்கோஸ் கூட்டாயிற்று. திருமண விருந்துகளில் அவை வாழையிலையின் மேல்வரிசையில் அமர்ந்து இன்று எழுப்ப முடியாத விருந்தாளிகள் ஆகிவிட்டன. அவற்றைத் துரைவீட்டில் மாட்டிறைச்சியோடு ஒன்றாய் வெந்தவை என்று யாரும் ஒதுக்கவில்லை. சட்டியும் இறைச்சியும் சமைத்தவனின் கைப்பக்குவமும் மேலேயே தங்கிவிட்டன.

இதில் கவுஞ்சி போன்ற ஊர்கள் என்ன பெற்றன, என்ன கொடுத்தன என்பதும் கணக்கில் சேர வேண்டும். காய் பணம் கொண்டுவந்தது; அதோடு சந்தை விலையின் ஏற்ற இறக்கமும் வந்தது. உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு 1961-இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. பின்னர் கொடைக்கானல் மலையிலும் காணப்பட்டது. இம்மலைகளின் கிழங்கை விதைக்கென்று வெளியே அனுப்பத் தடையும் உண்டு. சுற்றிலும் இருந்த புல்வெளிகளின் பெரும்பரப்பு சவுக்கும் தைலமரமும் பைனும் நட்டு மறைந்தது. மன்னவனூரில் நடுவணரசு 1965 முதல் செம்மறியும் முயலும் வளர்த்து ஆராய்கிறது. எல்லா மாற்றங்களிலும் தன் இடத்தை விடாமல் நின்றது பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. சிறிய பல், தடித்த மணம், பல மாதம் கெடாமல் இருக்கும் உறுதி. துரைமார் வீட்டுக் காய்க்கூடையிலிருந்து இறங்காத ஒரே பயிர், அதற்குக் கிடைத்த சான்றிதழ் நியாயமானதே.

இறைச்சிக்கு மீண்டும் வருவோம். சட்டத்துக்கும் சுவைக்கும் உள்ள தொடர்பு பலரும் எண்ணிப் பாராதது. 1958-ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயது கடந்து, உழைக்கவும் ஈனவும் தகுதியற்றது என்று சான்று பெற்ற மாடுகளையே தமிழ்நாட்டில் அறுக்கலாம். 1976-இல் பசுவை அறுப்பதற்கு அரசாணை வழியே தடை வந்தது. ஆக நமக்குக் கிடைப்பது வண்டியும் ஏரும் இழுத்து ஓய்ந்த எருதின், அல்லது எருமையின் இறைச்சி. உழைத்த தசையில் இணைப்புத் திசு மிகுதி. அது கரைந்து பசையாக மாற மென்மையான வெப்பமும் நெடுநேரமும் வேண்டும். அவசரத் தீயில் அது இரப்பராகும். மூடிய சட்டியும் நிதானமும் கேட்கும் இறைச்சி இது, கேசரோலுக்கென்றே அமைந்தது. ஆனால் 1950களின் இறுதியில் பிரஷர் குக்கர் வந்து இரண்டு மணி நேரத்தை அரை மணியாகச் சுருக்கியபின், வாரநாள் இரவில் சூளையை யார் நினைப்பார்?

தமிழ்நாட்டில் மாட்டிறைச்சிச் சட்டி இறங்கவே இல்லை என்று சொன்னால் ஆம்பூர்க்காரர்கள் நம்மை மன்னிக்க மாட்டார்கள். மூடியை அடைத்து, மேலே தணலிட்டு, தம்மில் போடும் பிரியாணி கொள்கையளவில் கேசரோலின் உடன்பிறப்பு. மாட்டிறைச்சிப் பிரியாணி அவ்வூரின் அன்றாடம். 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகமே அங்கு ஒரு பிரியாணித் திருவிழாவை அறிவித்தது. அதில் மாட்டிறைச்சிக்கு இடமில்லை என்று தெரிந்ததும் எதிர்ப்பு எழுந்தது. ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. ஐந்தாண்டு முன்பு, 2017 மே மாதம், சந்தையில் மாடுகளை அறுப்புக்கு விற்பதைத் தடுக்கும் நடுவணரசின் விதிகளுக்கு முதலில் இடைக்காலத் தடை விதித்தது உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. பழனிமலையின் அடிவாரத்துக்குக் கூப்பிடு தூரம் அது. 1847-இல் மிஷன் கேட்ட அதே கேள்வியின் வேறு வடிவங்களைத்தான் மதுரையும் ஆம்பூரும் எதிர்கொண்டன என்று நமக்குத் தோன்றுகிறது. யார் சமைத்தது, எதைச் சமைத்தது, அதை எல்லார் முன்னிலும் மேசையில் வைக்கலாமா?

இவ்வளவு எழுதிவிட்டுச் செய்முறையைச் சொல்லாமல் விடுவது முறையன்று. இலக்கியப் பக்கத்தில் சமையற்குறிப்பா என்று புருவம் உயர்த்தும் நண்பர்கள் இப்பகுதியைத் தாண்டிச் செல்லலாம். கல்லூரி முடிந்து மாலை ஆறு மணிக்கு வீடு திரும்புவோர்க்கு உகந்ததாக, கொத்திய இறைச்சியைக் கொண்டே சொல்கிறோம். துண்டுக்கறி எனில் முதலில் குக்கரில் அரைமணி நேரம் வேகட்டும். நான்கு பேருக்கு அரைக் கிலோ கொத்துக்கறி போதும். இரண்டு வெங்காயத்தையும் ஏழெட்டுப் பல் மலைப்பூண்டையும் பொடியாக அரிந்து, அகன்ற சட்டியில் எண்ணெய் விட்டு நிறம் மாற வதக்குங்கள். கறியைச் சேர்த்து, நீர் வற்றி, அடியில் பழுப்பு பிடிக்கும்வரை கிளறுங்கள். இந்தப் பழுப்புதான் உணவின் உயிர். இங்கே அவசரம் கூடாது. ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவைத் தூவிப் பச்சை வாசனை போனதும், அரிந்த தக்காளி இரண்டு, ஒரு குவளை வெந்நீர், உப்பு, கீழ்மலை மிளகை இடித்து ஒன்றரைத் தேக்கரண்டி. மிளகாய்த்தூள் வேண்டாம், அது வந்தால் மற்றவை பேசாது. சிறிதாக அரிந்த கேரட் இரண்டு, பீன்ஸ் ஒரு கைப்பிடி, பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

இதைச் சூளையில் வைக்கத்தக்க பாத்திரத்தில் பரப்பி, அரைக் கிலோ உருளைக்கிழங்கை மெல்லிய வட்டங்களாக அரிந்து, ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று பாதி படியுமாறு அடுக்குங்கள். மேலே சிறிது வெண்ணெய், கொஞ்சம் உப்பு. கொடைக்கானலில் செய்யும் பாலாடைக்கட்டி கிடைத்தால் துருவிப் போடலாம், இல்லாவிட்டால் குறையில்லை. 180 பாகை வெப்பத்தில் மூடியோடு அரைமணி, மூடியில்லாமல் கால்மணி. ஓவன் இல்லாத வீட்டில் அடிகனத்த இரும்புச் சட்டியில் அடுக்கி, சட்டியின் கீழ் தோசைக்கல்லை வைத்து, மூடியைப் பொருத்தமாக அடைத்துச் சிறுதீயில் முக்கால் மணி நேரம் விடலாம். மேற்பரப்பு சிவக்காது, சுவையில் பெரிய வேற்றுமை இல்லை. விறகடுப்பு வாய்த்தவர்கள் மூடியின்மேல் இரண்டு கரண்டி தணலை அள்ளிப் போட்டால் அதுவும் சிவந்துவிடும். ராமசாமி அப்படித்தான் செய்திருப்பார். இறக்கியதும் பத்து நிமிடம் தொடாமல் வையுங்கள், சாறு அடங்கட்டும். பிறகு சட்டியோடு நடுவில் வைத்து, கரண்டியை அடிவரை செலுத்திக் கிழங்கும் காயும் கறியும் சேர்ந்து வருமாறு எடுத்துப் பரிமாறலாம். தொட்டுக்கொள்ள ஒன்றும் தேவையில்லை. சோறு கேட்பவர்களுக்குச் சோறு.